நெற்றியில் எழுதிய எடை

மாலை ஆறு இருபதுக்குத்தான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. மகளின் குரல் வரவேண்டிய நேரத்தில், டைப் அடித்த செய்தி வந்தது.

அவள் குழந்தைகளுக்கான அவசர சிகிச்சை நர்ஸ். சண்டை நடக்கும் ஒரு நாட்டில், கூடாரத்தில் இயங்கும் ஆஸ்பத்திரியில் வேலை. தினமும் குரல் பதிவு அனுப்புவாள். மும்பை செம்பூர் வீட்டில் நானும் அவள் அப்பாவும் டீயை ஆறவிட்டுக் கேட்போம். காயப்பட்டு வரும் குழந்தையை முதலில் எடைபோட்டு, அந்த எடையைப் பேனாவால் கையிலேயே எழுதிவிடுவார்களாம். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. காகிதம் தொலைந்துவிடும், கை தொலையாது என்பாள்.

அன்றைய செய்தியில், ஒரு பிள்ளைக்கு எடையை நெற்றியில் எழுதியதாக இருந்தது. உடனே கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

"இது அவ எழுதுனதில்ல. போன் வேற யார் கையிலயோ இருக்கு."

"ஏட்டி, ஒன்னய சிஐடில எடுக்காம விட்டுட்டானுவளே" என்று கணவர் சிரித்தார்.

கையில்தானே எழுதுவாய் என்று கேட்டு அனுப்பினேன். பதில் வந்தது: "கை இருக்கிற பிள்ளைக்குக் கையில எழுதுவோம்மா."

அவர் டிவியை அணைத்தார். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

அது அவள்தான் என்று நம்பினேன். ஆனால் ஏன் பேச மாட்டேன் என்கிறாள்? அடுத்த நாட்களிலும் 'நல்லா இருக்கேன்' என்ற எழுத்து மட்டுமே வந்தது. அவளை அனுப்பிய அமைப்பின் அலுவலகத்தில் ஒரு பெண், "டென்ஷன் மத் லோ, ஆன்ட்டி" என்று, கவலைப்படாதீர்கள் என்பதை இந்தியில் சொன்னாள். அவள் அவ்வளவு இனிமையாகச் சொன்னதே எனக்குப் பிடிக்கவில்லை. எல்லாரும் சேர்ந்து எதையோ மறைக்கிறார்கள் என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பெல் அடித்தது. வாசலில் ஒரே ஒரு பையோடு அவள். கை, கால், முகம் என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். எங்கேயும் காயமில்லை. ஏன் பேசவில்லை, ஏன் சொல்லாமல் வந்தாய் என்று கேட்டுக்கொண்டே போனேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, எதிர் வீட்டுக் கதவு திறக்கும் அளவுக்குச் சத்தமாகச் சொன்னாள்:

"பக்கத்துல குண்டு விழுந்துச்சும்மா. ரெண்டு காதும் கேக்கல. போன்ல பேசுனா கத்திருவேன், நீ கண்டுபுடிச்சிருவ. இப்ப கேட்டியே, அதை எழுதிக் காட்டு."