கால் ஒடிந்த ஏழு

ரசலையன் பெயின்டைத்தான் முதலில் சுரண்டுவார். பழைய எஞ்சின் பிளாக்கை விற்பவன் புகழ்ந்துகொண்டே இருப்பான். இவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நம்பர் குத்தியிருக்கும் இடத்தைக் கம்பி பிரஷால் தேய்ப்பார். சில்வர் பெயின்ட் பளபளத்தால் கோபம் அப்போதே ஏறிவிடும். "நல்ல கொள்ளாவுன்ன சாதனத்துக்கு எதுக்குவே பவுடரு?"

குலசேகரத்தில் ஜீப் பட்டறை. வயது ஐம்பத்தெட்டு. ஞாயிறு ஆராதனைக்குப் போடும் வெள்ளைச் சட்டையிலும் கிரீஸ் மணக்கும். பிளாக் பார்க்கப் போகும்போது, அதன் மூடியான ஹெட்டுக்கு அடியில் வைக்கிற துளைபோட்ட காஸ்கெட் தகடு ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொள்வார். பஸ்ஸில் அதன்மேல் யாராவது இடித்தால் சண்டைதான்.

அவர் தேடும் பிளாக்கில் பழசு, புதுசு என்று இரண்டு வகை. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். புதுவகை ஹெட் இரண்டிலும் உட்காரும், போல்ட் ஏறும், வண்டி ஓடும். ஆனால் பழைய வகையில் எண்ணெய் மேலேறும் துளை ஒரு விரற்கடை தள்ளி இருக்கும். ஹெட்டுக்கு எண்ணெய் போகாது. சில நாளில் எஞ்சின் இறுகி நின்றுவிடும்.

தேவகனியின் ஜீப் அப்படித்தான் நின்றது. ரப்பர் தோட்டத்துக்கு ஆளேற்றிப் போகிறவள். பேச்சிப்பாறை ஏற்றத்தில் ஆள்பாரத்தோடு வண்டி பிரேக்குக்கும் அடங்காமல் பின்னால் உருள, ஸ்டியரிங்கை ஒடித்து மண்திட்டில் மோதி நிறுத்தினாள். ஒன்பது பேர் பிழைத்தார்கள். அவளுடைய இடது மணிக்கட்டு அதன்பிறகு மடங்கவில்லை.

மார்த்தாண்டத்தில் அந்த பிளாக்கை வாங்கிப் பொருத்தியவர் ரசலையன்தான். புதுவகை நம்பர் இருந்ததால் நம்பிவிட்டார். அன்றைய அவசரத்தில் துளையைக் குனிந்து பார்க்கவில்லை. அசல் நம்பரை அராவிவிட்டு வேறு நம்பர் குத்தியிருந்தது பிறகுதான் தெரிந்தது.

போன வியாழக்கிழமை அவளுக்கு வேறு பிளாக் பார்க்க இருவரும் ஆரல்வாய்மொழியில் ஒரு பழைய இரும்புக் கிடங்குக்குப் போனார்கள். காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்தது.

"புது வகையாக்கும் அண்ணாச்சி. நம்பரப் பாத்துக்கிடுங்க," என்றான் கிடங்குக்காரன் முருகதாஸ்.

ரசலையன் நம்பர்மேல் இருந்த பெயின்டைச் சுரண்டிவிட்டு, பிளாக்கின்மேல் காஸ்கெட்டை விரித்து வைத்தார். தண்ணீர்த் துளைகள் பொருந்தின. எண்ணெய்த் துளைக்கு நேரே வெறும் இரும்பு.

"எண்ணெ எங்கவே போவும்?"

"லேசா டிரில் போட்டா…"

ரசலையன் நம்பரை நோக்கிக் குனிந்தார். சுரண்டிய இடத்தில் ஓர் ஏழு தெரிந்தது. கால் ஒடிந்த ஏழு. தேவகனியின் ஜீப்பிலிருந்து கழற்றிப் பட்டறையில் போட்டிருக்கும் பிளாக்கிலும் இதே ஏழுதான். ஒரே அச்சில் குத்தியது.

"எரப்பாளிப் பயலே! அதையும் குத்துனது நீதானா? ஒம்பது பேரு இருந்த வண்டிவே! இவ கையப் பாரு!"

முருகதாஸ் பார்க்கவில்லை. "எல்லாவனும் செய்யதுதானே அண்ணாச்சி. கேக்கவனுக்குக் கேட்ட வகையக் குடுக்கணும்லா."

"வாங்கண்ணே, போவோம். இவங்கிட்ட என்ன பேச்சு?" என்றாள் தேவகனி.

"நீ செத்திருந்தா கொன்னவன் நானாக்கும் ஏட்டி!" ரசலையன் கத்தினார். "குத்துனவன் இவன். பாக்காம மாட்டுனவன் நான்."

தரையில் கிடந்த உளியையும் சம்மட்டியையும் எடுத்தார். நம்பரின் குறுக்கே உளியை வைத்து ஓங்கி அடித்தார். தீப்பொறி பறந்தது.

"அண்ணாச்சி, வேண்டாம்! நான் இத விக்கண்டாமா?"

இன்னும் இரண்டு அடி. நம்பர் நடுவில் பிளந்தது. ரசலையன் நிமிரவில்லை. உட்கார்ந்தபடியே நகர்ந்து, வரிசையில் அடுத்து சில்வர் பெயின்டில் மின்னிய பிளாக்கின் நம்பர்மேல் உளியை வைத்தார்.