வில்பிரட் முகம் பார்க்கமாட்டார்

இசக்கிராஜாவுக்கு வில்பிரட் மேல் ஆறு வருஷக் கடுப்பு. வணக்கம் வைத்தாலும் சரி, மகள் பிறந்தநாளுக்கு மிட்டாய் நீட்டினாலும் சரி, அந்த மனுஷன் இவர் பக்கம் முகத்தைத் திருப்பமாட்டார். கை மட்டும் நீண்டு மிட்டாயை வாங்கும். கண் குளத்துத் தண்ணீரிலேயே கிடக்கும்.

இத்தனைக்கும் இருவருக்கும் சோறு ஒரே இடத்தில். தூத்துக்குடியில், துறைமுகம் போகிற வழியில் உள்ள நீச்சல்குளத்தில் இசக்கிராஜா மோட்டார் ஆபரேட்டர். புன்னைக்காயல்காரரான வில்பிரட் லைஃப்கார்டு. தலைக்கனம் பிடித்த ஆள் என்று இசக்கிராஜா முடிவு கட்டியிருந்தார்.

ஒரு மே மாத ஞாயிறு சாயங்காலம். குளத்தில் அறுபது தலைக்குக் குறையாது. இசக்கிராஜாவின் ஒன்பது வயது மகள் இந்துமதியும் உள்ளே இருந்தாள். அன்று பொறுக்கமாட்டாமல் வில்பிரட் உட்கார்ந்திருந்த நாற்காலிப் பக்கம் போய்க் கேட்டே விட்டார்.

“என்னவே, எம் மூஞ்சியில அம்மையா போட்டிருக்கு? திரும்பிப் பேசுனா கழுத்து சுளுக்கிக்கிடுமோ?”

“சொல்லும். காது இங்கனதான் இருக்கு.”

ஆழப் பக்கம் நாலு பையன்கள் ஒருவனை ஒருவன் அமுக்கிக் காட்டுக்கத்தல் கத்தினார்கள். அவர்களுக்கு அப்பால் இந்துமதியின் தலை தெரிந்தது. முகம் வானத்தைப் பார்த்திருந்தது. ஈரமுடி கண்ணை மறைத்திருந்தது. இரண்டு கையும் பக்கவாட்டில் தண்ணீரை அமுக்கின. மகள் நீந்தப் படித்துவிட்டாள் என்று இசக்கிராஜா சிரித்துக்கொண்டே கையாட்டினார். அவள் திருப்பி ஆட்டவில்லை.

விசில் சத்தமும் தண்ணீரில் ஆள் விழுந்த சத்தமும் ஒன்றாகக் கேட்டன. நாற்காலி காலி. கத்துகிற பையன்களிடம்தான் போகிறார் என்று பார்த்தால், அவர்களைத் தாண்டிப் போய், அமிழத் தொடங்கிய பிள்ளையை அடியிலிருந்து தூக்கினார் வில்பிரட். கரையில் அவள் தண்ணீரைக் கக்கி, இருமி, வீறிட்டு அழுத பிறகுதான் இசக்கிராஜாவுக்கு நடந்தது உறைத்தது.

“கத்துதவனுக்கு மூச்சு இருக்குவே. முங்குத பிள்ள எப்படிக் கத்தும்? வாய் மேல வார நேரம் மூச்சு இழுக்கவே பத்தாது. கையும் சொன்னபடி கேக்காது.”

சொல்லும்போதே வில்பிரட்டின் கண் குளத்துக்குப் போய்விட்டது.

பெற்ற அப்பன் பார்த்துக் கையாட்டினான். இந்த மனுஷன் அறுபது தலையில் அந்த ஒரு தலையைப் பார்த்தார். நினைக்கும்போதெல்லாம் இசக்கிராஜாவுக்கு மயிர் கூச்செறியும். பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டார்: வில்பிரட் முன்பு சங்கு குளிக்கிற வள்ளத்தில், முங்குகிறவனுக்குக் காற்று போகிற டியூபைப் பிடித்தவர். கீழே முங்கியவனின் மூச்சு மேலே குமிழியாக வரும். குமிழி பார்க்கிறவன் வள்ளத்தில் எவன் கூப்பிட்டாலும் திரும்பமாட்டான்.

ஆற்றங்கரை ஊர்க்காரரான இசக்கிராஜாவுக்கு நீச்சல் கைவந்தது. பயிற்சிக்குப் போய் சர்ட்டிபிகேட் வாங்கி, இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு வருஷம் கழித்து வில்பிரட்டின் வலது கண்ணில் புரை விழுந்தது. யாருக்கும் தெரியாது. குளத்தடியில் உள்ள கறுப்புக் கோடு இரண்டாகத் தெரிகிறது, இனி நான் உட்காரக் கூடாது என்று அவரே ஆபீசில் போய்ச் சொன்னார்.

வில்பிரட்டின் கடைசி நாள் குளம் நிறையப் பிள்ளைகள். இசக்கிராஜா நாற்காலியில் இருந்தார். பின்னால் செருப்புச் சத்தம் வந்து நின்றது. அந்த முகத்தை ஒருதரம் நேருக்கு நேர் பார்த்துவிட வேண்டும் என்று இசக்கிராஜாவுக்கு இருந்தது.

“போயிட்டு வாரேன்வே,” என்றார் வில்பிரட். “திரும்பாதேயும்.”