யாகப்பர் ஏற்றாத மூன்று திரிகள்

கண்டி ஆஸ்பத்திரியில் யாகப்பரை வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த சீட்டில் இப்படி எழுதியிருந்தது: "கோயில் ஊழியர். இடக்கண் குருடு. புத்தி மந்தம். சாந்த குணம். இனி எந்த வேலைக்கும் உதவார்."

வலக்கண்ணை மூடிக்கொண்டு, இடக்கண்ணால் மட்டும் பார்த்து ஊசியில் நூல் கோக்கக்கூடியவர் யாகப்பர். அவருடைய புத்தியைப் பற்றி பிலிமத்தலாவைக் கடைவீதியில் அவருக்கு மீன் விற்றவர்களைக் கேட்டால் கண்ணீரோடு சாட்சி சொல்வார்கள். சாந்த குணத்தைப் பற்றி அவர் மனைவி தெரேசாவிடம் கேட்காமல் இருப்பதே நல்லது.

பிலிமத்தலாவைக்கு மேலே இருந்த சிறிய கத்தோலிக்கக் கோயிலில் யாகப்பர்தான் கோயில்பிள்ளை. பீடம் துடைப்பார், பூ வைப்பார், நீளக் கோலால் மெழுகுதிரி கொளுத்துவார். பாட்டுப் பூசைக்கு ஆறு திரி எரிய வேண்டும். வலப்பக்கத்து மூன்று முதலில், இடப்பக்கத்து மூன்று பிறகு. ஆறும் எரிந்தால்தான் சுவாமியார் பூசைக்கு வெளியே வருவார். அந்தக் கோலைத் தவிர யாகப்பருக்கு இந்த உலகத்தில் வேறு பதவி கிடையாது. அதுவே போதும் என்ற இறுமாப்பும் அவருக்கு இருந்தது.

1929ஆம் ஆண்டு மாசியில் ஒரு காலை, பூசை உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே தரையில் சரிந்தார். ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பி வந்தபோது கை விளங்கிற்று, கால் விளங்கிற்று. வாய் முன்னைவிட நன்றாக விளங்கிற்று. கர்த்தருக்குத் தோத்திரம் சொல்லிவிட்டு, தெரேசா அந்தச் சீட்டை அலுமாரிக்குள் போட்டுப் பூட்டினாள்.

ஆனியில் அந்தோனியார் திருநாள் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் பிறகு யாகப்பர் கோலெடுத்த முதல் பாட்டுப் பூசை அது. யாகப்பர் கோலோடு வந்தார். வலப்பக்கத்து மூன்றையும் ஏற்றினார், முழந்தாளிட்டு எழுந்தார், போய்விட்டார். திரி தீர்ந்திருக்கும், எடுக்கப் போகிறார் என்று தெரேசா நினைத்தாள். ஆர்மோனியக்காரர் சுவக்கின் வருகைப் பாட்டை இரண்டாம் முறையும் வாசித்தார். மூன்றாம் முறை வாசிக்கும்போது சுவாமியாரே உள்ளேயிருந்து தலையை நீட்டினார்.

"யாகப்பர், மற்ற திரிகள்?"

"எல்லாம் எரியுது சாமி," என்றார் பக்கக் கதவோரம் கோலோடு நின்ற யாகப்பர், கோயில் முழுக்கக் கேட்கும்படி.

பாதி பீடம் இருண்டு கிடந்தது. சனம் மூச்சுவிடவில்லை. பிறகு எல்லாரும் ஒன்றாக மூச்சுவிட்டார்கள்.

குடித்திருக்கிறார் என்றார்கள் சிலர். அவர்கள்தான் இரக்கமுள்ளவர்கள். "மூணு திரி ஏத்துறது எந்தச் சபை வழக்கமோ," என்றார் சுவக்கின். யாகப்பர் சபை மாறிவிட்டார் என்ற கதை அன்றே பல்லேகல வரைக்கும் போயிற்று. சுவாமியார் இத்தாலிக்காரர், பொறுமைசாலி. ஆவணியில் வரும் பரலோக மாதா திருநாள் வரை பார்ப்பதாகவும், அன்றும் இப்படி நடந்தால் கோல் சுவக்கின் கைக்குப் போகும் என்றும் சொன்னார்.

அன்று மத்தியானம் தெரேசா சோறு போட்டாள்.

"கருவாடு எங்கடி?"

"தட்டுலதான் இருக்கு."

"யாரு தட்டுல? கவர்னர் தட்டுலயா?"

தட்டின் வலப்பாதி வழித்துத் துடைத்தாற்போல் இருந்தது. இடப்பாதியில் சோறும் கருவாடும் கை படாமல் கிடந்தன. கோபத்தில் தெரேசா தட்டை ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"இப்பதான் வைக்கத் தோணுச்சா ஒனக்கு?" என்று அவர் கருவாட்டை எடுத்துக் கடித்தார்.

தெரேசாவுக்கு அப்போதுதான் விளங்கிற்று. சில மாதமாகவே அவர் பாதித் தட்டை ஒதுக்கி வந்தார். தன் சமையலை அவமதிக்கிறார் என்று நினைத்து அவளும் பதிலுக்குப் பதில் சண்டை போட்டிருந்தாள். மனுசர் அத்தனை நாளும் பாதிப் பட்டினி.

மறுநாளே அவரைக் கண்டிக்கு இழுத்துப் போனாள். அங்கே அரியகுட்டி என்ற யாழ்ப்பாணத்து டாக்டர் புதிதாக வந்திருந்தார். ஜெர்மன் யுத்தத்தில் தலையில் குண்டு பாய்ந்த சிப்பாய்களின் பார்வையை லண்டனில் ஆராய்ந்தவர். அவர் ஒரு பூவை வரையச் சொன்னார். யாகப்பர் வலப்பக்கம் மட்டும் இதழ் போட்டு, நல்ல பூ என்று திருப்தியோடு நீட்டினார்.

"கண்ணிலை ஒரு பிழையும் இல்லையம்மா," என்றார் டாக்டர். "மூளைதான் இடப்பக்கத்தைக் கவனிக்குதில்லை. கவனியாததை இல்லையெண்டே நினைச்சுக்கொள்ளுது." பிறகு யாகப்பரைப் பார்த்து, "ஐயா, கண்ணை மூடுங்கோ. கோயில் வாசலிலை நிண்டு உள்ளுக்குப் பாக்கிறியள். என்னென்ன சுரூபம் தெரியுது?"

"சூசையப்பர். அந்தோனியார்."

"வேறை?"

"வேற ஏது? எங்களுது ஏழைக் கோயிலு."

தெரேசா மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள். இடப்பக்கத்தில் தேவமாதாவும் செபஸ்தியாரும் அவளுக்குக் கலியாணம் ஆன நாள் முதல் நிற்கிறார்கள். அந்தத் தேவமாதாவின் பெயரைச் சொல்லித்தான் இவர் தினமும் செபமாலை உருட்டுகிறார்.

"இப்ப பீடத்தடியிலை நிண்டு வாசலைப் பாருங்கோ."

யாகப்பர் கண்ணைத் திறந்துவிட்டார். "பீடத்துல இருக்கிற நற்கருணைக்கு முதுகக் காட்டச் சொல்றீங்களா? முடியாது."

"மனசுக்குள்ளைதானே, ஐயா."

"மனசுல செஞ்சாலும் பாவம் பாவந்தான். டாக்டரையா நம்ம வேதமா, சைவமா?"

"சைவம்."

"அதான்."

லண்டன் சாஸ்திரம் ஞானோபதேசத்தில் முட்டிக்கொண்டு நின்றது. தெரேசாதான் வழி சொன்னாள். "பீடத்துக்குப் பின்னால நின்னு தூசி தட்டுவீங்கல்ல, அங்க நில்லுங்க. நற்கருணை ஒங்களுக்கு முன்னாலதானே இருக்கும்."

யாகப்பர் யோசித்தார், குற்றம் காணவில்லை, கண்ணை மூடினார். "தேவமாதா. செபஸ்தியார்."

"சூசையப்பர்?"

"சூசையப்பரா? காணலையே."

டாக்டர் கதிரையை விட்டு எழுந்துவிட்டார். கண்ணுக்கு முன்னால் உள்ள உலகத்தில் பாதி காணாமல் போவதை அவர் சிப்பாய்களிடம் பார்த்திருந்தார். கண்ணை மூடிய பிறகும், நெஞ்சுக்குள் இருக்கும் கோயிலிலும் பாதி காணாமல் போகும் என்று அவர் நினைத்ததில்லை.

யாகப்பர் மெதுவாகக் கேட்டார்: "மொதல்ல சொன்னப்ப, நான் தேவமாதாவச் சொல்லலையா?"

"சொல்லல," என்றாள் தெரேசா.

"பொய்."

"சத்தியமா சொல்லலைங்க."

யாகப்பர் சட்டைப் பையிலிருந்த செபமாலையைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் அவர் முதுகைத் தட்டினார். இந்த நோயில் குறை இருப்பது நோயாளிக்கே தெரியாதென்றும், திரி கொளுத்துவதை இன்னொருவரிடம் விடுவதே நல்லதென்றும் சொன்னார். வீடு வரும்வரை யாகப்பர் ஒரு வார்த்தை பேசவில்லை. கலியாணம் செய்த நாளிலிருந்து அப்படி நடந்ததில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டு சொன்ன சாந்த குணம் வந்துவிட்டதோ என்று தெரேசா பயந்தாள்.

பரலோக மாதா திருநாளன்று கோயில் நிரம்பி வழிந்தது. சுவக்கின் ஆர்மோனியத்தைத் திறக்காமல், கோலை வாங்க எழுந்து போகத் தோதாக ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். யாகப்பர் வலப்பக்கத்து மூன்று திரிகளை ஏற்றினார், முழந்தாளிட்டு எழுந்தார், திரும்பி நடந்தார். தெரேசா கண்ணை மூடிக்கொண்டாள். பெண்கள் பக்கத்தில் யாரோ "ஐயோ" என்ற பிறகுதான் திறந்தாள். பீடத்துக்கு மேலே, எந்த மனுசரின் முகமும் தெரியக்கூடாத இடத்தில், சனத்தைப் பார்த்தபடி ஒரு முகம் தெரிந்தது.

எல்லாத் திரியும் எரிவதாகத் தன் கண் சொன்னதை நம்பாமல், யாகப்பர் பீடத்துக்குப் பின்னால் போய் நின்று, அங்கே தன் வலப்பக்கத்தில் வந்துவிட்ட மற்ற மூன்றையும் ஏற்றினார்.