நோட்டில் இல்லாத எண்

அருப்புக்கோட்டையில் குழந்தைப்பேறு சிகிச்சை தரும் மருத்துவமனையில், ஒருமுறை வந்துவிட்டு மறுபடி வராதவர்களுக்குப் போன் செய்வது என் வேலை. திருச்சுழிப் பக்கத்துப் பெண் ஒருத்தி நான்கு முறை அழைத்தபோதும் "வாரோம்" என்றாள்; வரவில்லை. ஐந்தாம் முறை அலுப்பில், "அக்கறை இருந்தா வந்திருப்பீங்க" என்று சொல்லிவிட்டேன்.



"எனக்கு அன்னைக்கே ரத்தம், ஸ்கேனு எல்லாம் எடுத்தாச்சுக்கா. அவுகதான் டெஸ்ட்டுக்கு வரமாட்டேங்குறாக. நீங்க கூப்பிடும்போதெல்லாம் மாமியா என்னையத்தான் ஏசுது. ஒருதடவ அவுகளக் கூப்பிடுங்களேன்" என்றாள்.

நோட்டைப் புரட்டினேன். பக்கம் பக்கமாக மனைவியரின் எண்கள் மட்டுமே. எல்லாம் நான் எழுதியவை.

அவளிடம் கணவரின் எண்ணை வாங்கி அவரை அழைத்தேன். "பருத்தி எடுத்து முடியட்டும் மேடம்" என்றார்.

பருத்தி எடுத்து முடிந்து ஒரு மாதமாகிறது. வாரம் தவறாமல் அழைக்கிறேன், அவரைத்தான்.