ராயம்மாள் வெட்டச் சொன்ன மரம்

ஆண் பூவைக் காம்போடு கிள்ளி, இதழ்களைப் பின்னுக்கு மடித்து, நடுவிலிருக்கும் மஞ்சள் தண்டைப் பெண் பூவுக்குள் விட்டு இரண்டு சுற்றுத் தடவுகிறார் ராயம்மாள். ஓர் ஆண் பூ மூன்று பெண் பூக்களுக்குப் போதும். பூசணிப் பூ விடியும்போது விரியும், வெயில் ஏறினால் சுருங்கிவிடும். அதற்குள் ஒன்றரை ஏக்கரையும் முடித்தாக வேண்டும். ஐம்பத்தெட்டு வயதில் முழங்கால் மடக்க முடியாததால் இடுப்பை மட்டும் வளைத்துக்கொண்டு நகர்கிறார்.

"அதுங்க செய்யற வேலைங்க. அதுங்க இல்ல, அதனால நாங்க கூலிக்குச் செய்யறோம்" என்கிறார் நிமிராமல். தேனீ என்ற சொல்லை அவர் வாயில் நான் கேட்டதேயில்லை. எப்போதும் 'அதுங்க'தான்.

விரல் நுனியில் ஏறிய மஞ்சள் எந்தச் சோப்புக்கும் போவதில்லை. அந்தக் கையை நீட்டக் கூச்சப்பட்டு, ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நற்கருணை அப்பத்தைக் கையில் வாங்காமல் நாக்கில் வாங்கிக்கொள்கிறார்.

மாரண்டஹள்ளிக்கு மேற்கே, ஓடையை ஒட்டியிருக்கும் இந்தத் தோட்டம் அர்ச்சுனனுடையது. ஓடைக்கரையில் முன்பு ஒரு மருத மரம் நின்றது. அதன் பின்னால் டிராக்டரை நிறுத்தினால் ரோட்டிலிருந்து தெரியாது. சித்திரையில் பூவெடுத்ததும் மலைத்தேனீக்கள் வந்து கிளை கிளையாக முப்பது, நாற்பது அடைகள் கட்டும். பொந்துகளில் ஆந்தையும் கிளியும் இருந்தன. இலைகளில் புழு, புழுவுக்காக விதவிதமான குருவிகள். ராயம்மாளுக்கு அன்று அது மதியச் சோறு தின்ன உட்காரும் நிழல், அவ்வளவுதான்.

ஏழு வருடங்களுக்கு முன் ஒரு காலையில் அவருடைய கணவர் செபாஸ்டின் தண்ணீர் கட்டுவதற்காக அந்த மரத்தடி வழியாக நடந்தார். கலைந்திருந்த தேனீக்கள் அவரை மொய்த்துக்கொண்டன. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் ராயம்மாள் அர்ச்சுனன் வீட்டு வாசலில் போய் நின்றார். அதுவரை அவரிடம் குரல் உயர்த்தியதில்லை.

"அந்த மரம் நிக்கக் கூடாதுங்க."

அர்ச்சுனன் தயங்கினார். ஆனால் தெருவே ராயம்மாள் பின்னால் நின்றது. மரம் அறுக்க இரண்டு நாள் ஆனது. கடைசிக் கிளை விழும் வரை அங்கேயே நின்றதாகவும், அன்றுதான் தூக்கம் வந்ததாகவும் ராயம்மாள் சொல்கிறார்.

ஒரு வருடம் கழித்துப் பக்கத்து ஊரிலிருந்து மாது என்பவன் வந்து அவர் காலில் விழுந்தான். செபாஸ்டின் இறந்த அன்று காலை மரமேறித் தேனெடுக்கப் புகை போட்டவன் அவன்தான். தேனீக்கள் கலைந்ததும் இறங்கி ஓடிவிட்டான். "எந்திரிப்பா" என்றார் ராயம்மாள்.

அதற்குள் தோட்டம் மாறத் தொடங்கியிருந்தது. பூசணிப் பிஞ்சுகள் வெம்பி உதிர்ந்தன. குருவிகள் இல்லாத தக்காளியில் புழு ஏற, வாரம் ஒரு முறை அடித்த மருந்தை மூன்று முறை அடித்தார்கள். தேனீப் பெட்டிகள் வாங்கி வைத்தார்கள், மருந்தில் அந்தத் தேனீக்களும் செத்தன. மூன்றாம் வருட மழையில், பிடித்துக்கொள்ள வேர் இல்லாத கரை சரிந்து கிணற்றையும் அரை ஏக்கரையும் ஓடை தின்றது. இத்தனைக்கும் அர்ச்சுனன் ராயம்மாளை ஒன்றும் கேட்கவில்லை. பூ தடவும் வேலைக்கு முதல் ஆளாக அவரைத்தான் கூப்பிட்டார்.

"ஒரு வார்த்தை திட்டியிருந்தா தேவலைங்க."

கரையில் ராயம்மாள் மருதக் கன்றுகள் நட்டுப் பார்த்தார். வெள்ளம் கொண்டுபோனது, ஆடு தின்றது. ஒன்று மட்டும் இடுப்புயரம் நிற்கிறது. பெரிதாகிவிடும் என்று நான் ஏதோ ஆறுதல் சொன்னேன்.

"அந்த அளவுக்கு வர நூறு வருசம் ஆவுமுங்க. நான் நாளைக்குக் காலையில பூ தடவணும்."

இந்தப் பங்குனியில் ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் அடியில் ஒரே ஒரு அடை தொங்கியது. முதலில் பார்த்தவர் ராயம்மாள். நான்கு நாள் யாரிடமும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் மற்றவர்கள் பார்த்துவிட்டார்கள். தீப்பந்தம் கட்டிக்கொண்டு வந்தவர்கள் மரியாதைக்காக முதலில் அவரிடமே வந்தார்கள். "அதுங்க என்ன பண்ணும்னு உங்களுக்குத் தெரியாததாங்கக்கா" என்றார் ஒருவர். விட்டுவிடுங்கள் என்று சொல்லத்தான் ராயம்மாள் வாயெடுத்தார். கணவரை அதுங்களுக்குக் கொடுத்தவள் எந்த வாயால் சொல்வது? சரியென்று தலையை ஆட்டிவிட்டார். பொழுது சாயும் நேரத்தில் எரித்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் முறத்தை எடுத்துக்கொண்டு தொட்டியடிக்குப் போனார். விழுந்து கிடந்தவற்றை இரண்டு கையாலும் அள்ளினார். குந்த முடியாததால் ஈரத் தரையிலேயே காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, கால் அசைகிறதா என்று ஒவ்வொன்றாக விரலால் புரட்டிப் பார்த்தார்.