கிளியா, கிழியா?

காலை 9.20. மதுரை கோச்சடையில் நான் தங்கியிருந்த வீட்டிலிருந்து அவனியாபுரத்துக்குப் பத்து கிலோமீட்டர் இருக்கும். போய்விட்டு நான்கு மணிக்குள் திரும்பியாக வேண்டும். நான்கு மணிக்குத்தான் என் ஆறு வார உழைப்புக்குத் தீர்ப்பு.

வீடு என்றேனே, அது ஒரு முகாம். கிரிப்டோ நாணயத்துக்கு ஓபன் சோர்ஸ் நிரல் எழுதப் புதிதாக வந்திருக்கும் ஐந்து பேருக்கு, கொடையாளிகள் சிலர் சேர்ந்து சோறும் படுக்கையும் கொடுத்து ஆய்வு செய்யவைக்கும் இடம். உடுமலையில் பார்த்த வேலையை உதறிவிட்டு வந்தவள் நான். செல்போன் தொலைந்தாலும் வாலட் என்ற செயலியில் உள்ள காசை மீட்டெடுக்கப் பன்னிரண்டு சொற்களைத் தருவார்கள். எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சொற்களுக்குத் தமிழ்ப் பட்டியல் செய்வது என் வேலை. இன்று கொடையாளிகள் வீடியோவில் பார்ப்பார்கள். பிடித்தால் இன்னும் ஒரு வருடம். இல்லாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

நான்கு வாரம் முன்பு, அவனியாபுரத்தில் கிரில் பட்டறை நடத்தும் தவமணி அக்காவிடம் டீக்காசு போட்டு ஒரு சோதனை வாலட் கொடுத்து, இன்று அதை அழித்துவிட்டு, எழுதி வைத்த சொற்களால் மீட்கச் சொல்லியிருந்தேன். காலையில் அவர் போன் செய்தார்: "எல்லாச் சொல்லயும் போட்டுட்டேன்மா. தொறக்க மாட்டேங்குது."

கிளம்பிவிட்டேன்.

10.05. காளவாசல் தாண்டி, பைபாஸ் ரோடு வழியாகப் பழங்காநத்தம். அங்கே ஷேர் ஆட்டோ மாறினேன், இருபது ரூபாய். ஏறிய இடத்திலேயே கால் மணி நேரம் நின்றது.

"அண்ணே, கொஞ்சம் சீக்கிரம் போங்க."

"எல்லாருக்கும் சீக்கிரந்தாம்மா. இம்புட்டு வண்டியையும் நானா தூக்கி ஓரமா வைக்க முடியும்?" என்றார் ஓட்டுநர்.

11.00. பட்டறையில் தவமணி அக்கா காகிதத்தை நீட்டினார். பன்னிரண்டு சொற்கள், அச்சடித்த மாதிரி கையெழுத்து.

"நீங்க எழுதினதாக்கா?"

"செல்போன்ல வந்தத நான் வாசிச்சேன், அவரு எழுதுனாரு. பட்டறையில அப்படித்தானே? டேப்பு பிடிக்கிறவுக அளவு சொல்லுவாக, இன்னொருத்தர் எழுதுவாக."

"யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொன்னேனுங்களே!"

"அவரு வேத்தாளா?" என்று புருஷனைக் காட்டினார்.

வாசிக்கச் சொன்னேன். கிளி, வாளை, விளி என்று வரிசையாக வந்தது. காகிதத்திலும் அப்படியே இருந்தது. மதுரைக்காரர் வாயில் பழம் பளம்தான், வாழை வாளைதான். இது தெரியாதவளா நான்? ல, ள, ழ மூன்றும் தமிழின் சொத்து என்று பெருமை பீற்றிக்கொண்டு, கிளிக்குப் பக்கத்தில் கிழியையும், வாளை மீனுக்குப் பக்கத்தில் வாழையையும், விளிக்குப் பக்கத்தில் விழியையும் வேண்டுமென்றே பட்டியலில் சேர்த்தவளே நான்தான். அதனால் எந்தச் சொல்லும் தப்பென்று வாலட் காட்டவில்லை. மொத்தமும் தப்பு என்று மட்டும் சொன்னது.

மூன்று சொல், ஒவ்வொன்றும் இரண்டு விதம், எட்டு வழி. ஒவ்வொன்றாகத் தட்டினேன். ஆறு முறையும் மூடியே கிடந்தது. ஏழாவதில் திறந்தது. கிளி சரி, மற்ற இரண்டும் ழ.

நான் சிரித்தேன். தவமணி அக்கா சிரிக்கவில்லை.

"இன்னைக்கு டீக்காசு கெடந்துச்சு. நாலு பேருக்குக் கூலி குடுக்கிற காசு கெடந்திருந்தா? அப்பவும் உன்னயவா கூப்புட்டு விடுவேன்?"

அவர் புருஷன் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நான் கேட்டதத்தானேம்மா எழுதுனேன்," என்றார். தப்பு செய்தவர் போல நின்றார். எனக்கு வெட்கமாக இருந்தது.

3.10. திரும்பும் வழியில் இரண்டு மணி நேரம் நெரிசல். கோச்சடை. முகாம் ஒருங்கிணைப்பாளர் வாசலிலேயே காத்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். "நீங்களே டைப் பண்ணிக் காட்டுங்க, திறக்கும்ல? மத்ததப் பிறகு பாத்துக்கலாம்," என்றார்.

திறக்கும்தான். அந்த ஒரு வருடமும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனாலும் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்து, ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்களையெல்லாம் பிடுங்கி எறிந்தேன். பட்டியலில் நூற்றுக்கும் மேல் குறைந்தது. இரண்டாயிரத்து நாற்பத்தெட்டு சொல்லும் முழுதாக இல்லாமல் வாலட் ஓடாது.

4.00. திரையில் மூன்று முகங்கள். காட்ட ஒன்றுமில்லை, காரணம் இதுதான் என்று சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்கள். நேர்மைக்கு நன்றி என்றார்கள். நீட்டிப்பு இல்லை, முடிந்ததும் அனுப்புங்கள் என்றார்கள். மாடிக்குப் போய் அழுதேன்.

6.40. ஆரப்பாளையம் பேருந்து நிலையம். உடுமலை போகும் வண்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தவமணி அக்காவுக்குப் போன் செய்து, "வரேனுங்க்கா," என்றேன். "பட்டியல முடிச்சிட்டு வா. இந்தத் தடவையும் நான் வாசிப்பேன், அவருதான் எழுதுவாரு," என்றார்.

கீழே நடத்துநர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். "பளனி, பளனி, பளனி!" வண்டியின் முகப்பில் பழனி வழி உடுமலை என்று எழுதியிருந்தது. போக வேண்டியவர்கள் அத்தனை பேரும் ஏறினார்கள். ஒருவரும் தவறவிடவில்லை.