புரட்டாசிச் சனியில் ஒரு மாட்டிறைச்சிச் சட்டி

இது நடந்து இரண்டு வருடம் இருக்கும். புரட்டாசி மாதம். பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில், ரயில் பாதையைப் பார்த்த ஒரு பழைய கட்டடத்தின் நான்காம் மாடியில் அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் இருந்தோம். இப்போதும் அங்கேதான் இருக்கிறோம்.

அந்தக் கோடையில் அப்பாவுக்கு வயிற்றில் பெரிய அறுவைச் சிகிச்சை நடந்தது. சிகிச்சை நன்றாகவே முடிந்தது. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அவர் சாப்பாட்டை விட்டுவிட்டார். அம்மா கஞ்சி வைத்தார், ரசம் வைத்தார், இடியப்பத்தைச் சொதியில் குழையப் பிசைந்து கொடுத்தார். அப்பா இரண்டு வாய் வாங்குவார். பிறகு கோப்பையை மெல்லத் தள்ளி வைப்பார். "மணம் ஒத்துக்கொள்ளுதில்லை" என்பார். அம்மா அதை எடுத்துக்கொண்டு போய் வேறு ஏதாவது சமைக்கத் தொடங்குவார். எங்கள் வீட்டில் அந்த நாட்களில் அடுப்பு அணைந்ததே இல்லை, ஆனால் யாரும் சாப்பிட்டதும் இல்லை.

நான் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை செய்கிறேன். அம்மாவும் அப்பாவும் ஊரில் யுத்தத்தால் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்தே பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்கள். இரண்டு பக்கத்துக் குடும்பத்திலும் பல்கலைக்கழகப் படி ஏறிய முதல் ஆள் நான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. ஆசுப்பத்திரியில் மருத்துவர் சொல்வதை இவர்களுக்குத் தமிழிலும், இவர்கள் சொல்வதை மருத்துவருக்குப் பிரெஞ்சிலும் நான்தான் சொல்வேன். அப்பாவைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்றே நினைத்திருந்தேன். ஆனால் களைத்துப் போயிருந்தேன். மெட்ரோவில் நின்றபடியே தூங்கி இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிடுவேன். சந்தோசமோ துக்கமோ எதுவும் மனதில் ஏறாத ஒரு களைப்பு அது.

அந்த வாரம் மருத்துவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை மறுபடி வரும்போது எடை இன்னும் குறைந்திருந்தால் மூக்கு வழியாகக் குழாய் விட்டுத்தான் உணவு கொடுக்க வேண்டும் என்று. நான் அதைத் தமிழில் சொன்னேன். சிகிச்சை முடிந்து வார்டில் இருந்தபோது பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கு அந்தக் குழாய் போட்டிருந்தார்கள். அப்பா அந்தப் பக்கம் திரும்பாமலேயே படுத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

திரும்பி வரும்போது பஸ் தரிப்பில் உட்கார்ந்திருந்தோம். அப்பா ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்.

"பிள்ளை, எனக்கு அந்தப் பப்பிலை ஆக்கிற ஸ்டூ கொஞ்சம் குடிச்சால் இறங்கும் போலை கிடக்கு."

அப்பா பாரிஸுக்கு வந்த நாளிலிருந்து வருத்தம் வந்து படுக்கும்வரை ஒரு ஐரிஷ்காரரின் பப்பில்தான் வேலை செய்தார். குசினியில் கோப்பை, சட்டி கழுவுகிற வேலை. அங்கே ஸ்டூ சமைப்பார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"அதிலை என்ன போடுறவை?"

"உருளைக்கிழங்கு, கரட். கறுத்த பியர் விட்டு அவிப்பாங்கள்." கொஞ்சம் பொறுத்து, "மாடு" என்றார். பிறகு, "அம்மாட்டைச் சொல்லாதை."

எங்கள் வீட்டுக்குள் மாட்டிறைச்சி வந்ததே இல்லை. சின்ன வயதில் பள்ளிக்கூடக் கன்டீனில் மற்றப் பிள்ளைகள் ஹம்பர்கர் சாப்பிடும் நாளில் எனக்கு மட்டும் அவித்த முட்டை வரும். "நாங்கள் மாடு சாப்பிடுறேல்லை" என்று எனக்குச் சொல்லித் தந்ததே அப்பாதான். அந்த முட்டையை வைத்து என்னை எத்தனை பேர் கேலி செய்தார்கள் என்று அவருக்குத் தெரியாது. பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். கோபப்பட வேண்டும் என்று தோன்றியது. அதற்கும் தெம்பு இருக்கவில்லை.

ஆசுப்பத்திரித் தாதிக்குப் போன் எடுத்துக் கேட்டேன். அவர் சிரித்தார். நன்றாக மெத்தென்று வேகட்டும், நீண்ட நேரம் கொதிக்கட்டும், கொஞ்சமாகக் கொடுங்கள், அவர் எதைக் கேட்டாலும் நல்லதுதான் என்றார்.

சனிக்கிழமை காலை பக்கத்து ஸ்டாலின்கிராட் மெட்ரோப் பக்கம் போய் இறைச்சி வாங்கினேன். எந்தப் பகுதி வேண்டும் என்று கடைக்காரர் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. நெடுநேரம் அவிக்கிற மாதிரி என்றேன். அவரே பார்த்து வெட்டித் தந்தார். கறுத்த பியருக்கு எங்கள் தெருத் தமிழ்க் கடைக்குத்தான் போக வேண்டியிருந்தது. கல்யாணமாகாத பெட்டை லாச்சப்பலில் பியர்ப் போத்தலோடு வரிசையில் நிற்பது எப்படியிருக்கும் என்று அங்கே நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கடைக்கார அண்ணை போத்தலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஆருக்குத் தங்கச்சி?"

"சமையலுக்கு அண்ணை."

"ஓம் ஓம். இஞ்சை வாற எல்லாரும் சமையலுக்குத்தான் வாங்கீனம்" என்று சொல்லி, கேட்காமலே கறுப்புப் பையில் போட்டுத் தந்தார்.

பாரிஸுக்கு வெளியே சார்செலில் என்னோடு படித்த தோழி ஒருத்தி இருக்கிறாள். மன்னார்க் கத்தோலிக்கக் குடும்பம், அவர்கள் வீட்டில் மாடு சமைப்பார்கள். அங்கே கொண்டுபோய்ச் சமைத்து, ஆசுப்பத்திரிச் சாப்பாடு என்று சொல்லி வீட்டுக்குக் கொண்டுவருவதுதான் என் திட்டம். கைபேசியின் சார்ஜரை எடுக்க மட்டும் வீட்டுக்கு ஏறினேன்.

அம்மா கோயிலுக்குப் போக வெளிக்கிட்டு நின்றார். அந்த வருடம் புரட்டாசிச் சனிகள் எல்லாவற்றுக்கும் அப்பாவுக்காக விரதம் பிடித்தார். சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரிக்க, எள்ளைத் துணியில் பொட்டணியாகக் கட்டிக் கையில் வைத்திருந்தார். என் பையைப் பார்த்து, "என்ன அது?" என்றார்.

பொய் ஒன்று சொல்லியிருக்கலாம். அதற்கும் நினைக்க வேண்டும், வார்த்தை தேட வேண்டும். என்னால் முடியவில்லை. வாசலிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அம்மா கதிரையில் உட்கார்ந்தார். உள்ளறையில் அப்பா படுத்திருந்தார். கதவு திறந்துதான் இருந்தது.

"எத்தினை வருசமாம்?" என்று அம்மா மெதுவாகக் கேட்டார்.

"நான் கேக்கேல்லை அம்மா."

எள்ளுப் பொட்டணியைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை.

"நான் இந்தச் சனி பிடிக்கிறதே அந்த மனுசன் வாய் திறந்து ஏதும் சாப்பிட வேணுமெண்டுதான்" என்றார். "இப்ப வாய் திறந்து கேட்டிட்டார்." பிறகு என்னைப் பார்த்தார். "நீ இதை எங்கை கொண்டுபோறாய்?"

"சார்செலுக்கு."

"கொதிக்கிற சட்டியோடை ரயிலிலை வரப்போறியே? உன்னை என்னத்துக்குப் படிப்பிச்சது?"

குசினி அலுமாரிக்கு மேலேதான் எங்கள் சாமிப் படங்கள் இருந்தன. அம்மா ஒவ்வொன்றாக இறக்கி, உள்ளே கொண்டுபோய், தோய்த்த வேட்டி ஒன்றை விரித்து அதில் வைத்தார். கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டி பிரிக்காத ஒரு கனத்த சட்டியை எடுத்துத் தந்தார். நான் பெரியபிள்ளையானபோது வைத்த சாமத்திய வீட்டுக்கு யாரோ தந்தது. "இதிலை சமை. நான் தொட மாட்டன். பாக்கவும் மாட்டன்" என்றார். யன்னலை அகலத் திறந்துவிட்டு, சேலைத் தலைப்பை மூக்கில் பிடித்தபடி முன்னறையில் போய் இருந்தார். கோயிலுக்குப் போகவில்லை.

நான் கைபேசியில் செய்முறையைப் பார்த்துத் தொடங்கினேன். இறைச்சியைக் கழுவக் கூடாது, ஈரத்தைத் துடைத்துவிட்டு எண்ணெயில் நன்றாகச் சிவக்க விட வேண்டும் என்று போட்டிருந்தது. துண்டுகளைச் சட்டியில் போடக் கையை நீட்டினேன்.

"எடி, கழுவேல்லையே?"

வாசலில் அம்மா நின்றார், மூக்கில் சேலையோடு.

"கழுவக் கூடாதாம் அம்மா."

"ஆர் சொன்னது? ஊத்தையோடை தின்னக் குடுக்கப் போறியே? மஞ்சள் போட்டுக் கழுவு."

மஞ்சள் போட்டுக் கழுவினேன். "இன்னொருக்கா" என்றார். தண்ணீர் தெளியும்வரை விடவில்லை. கழுவிய இறைச்சி எண்ணெயில் படபடவென்று வெடித்தது, தண்ணீர் விட்டது, சிவக்கவே இல்லை. சாம்பலும் மஞ்சளும் கலந்த ஒரு நிறத்தில் அவிந்துகொண்டு கிடந்தது. அழுகை வரும் போலிருந்தது. வெங்காயம், கரட், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் கொட்டிப் பியரை ஊற்றினேன். கறுத்த நுரை சட்டியின் வாய்வரை பொங்கி எழுந்து மெல்ல அடங்கியது. வாட்டிய பாண் கருகியது போல, கோப்பி கசந்தது போல ஒரு மணம் வீடு முழுவதும் பரவியது.

செய்முறையில் மூன்று மணி நேரம் என்று இருந்தது. நான் குளிர்சாதனப் பெட்டியில் சாய்ந்து நிலத்தில் உட்கார்ந்தேன். எப்போது தூங்கினேன் என்று தெரியாது. அடிப்பிடித்திருக்கும் என்ற பயத்தோடு திடுக்கிட்டு எழும்பினேன். நெருப்பு மிகச் சின்னதாக எரிந்துகொண்டிருந்தது. நான் வைத்தது அந்த அளவில் இல்லை. அம்மாவைப் பார்த்தேன்.

"அடுப்பைத்தான் தொட்டனான். சட்டியை இல்லை" என்றார்.

ஒரு வெள்ளைத் தட்டில் கொஞ்சம் எடுத்து, கரண்டியோடு மேசையில் வைத்தேன். அப்பாவைக் கூட்டிவந்து இருத்தினேன். அவர் தட்டைப் பார்த்தார், எதிரே இருந்த அம்மாவைப் பார்த்தார். கரண்டியை எடுத்தார். திரும்ப வைத்துவிட்டார்.

"பிறகு சாப்பிடுறன் பிள்ளை."

அந்த இடத்தில்தான் நான் உடைந்தேன். அவ்வளவு நாளும் எங்கே இருந்ததோ, எல்லாம் வந்தது. பள்ளிக்கூடத்து முட்டையைச் சொன்னேன். எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு நீங்கள் மட்டும் எப்படி என்று கேட்டேன். வருத்தக்காரரிடம் கேட்கிற கேள்வி இல்லை அது.

அப்பா மேசை விரிப்பைப் பார்த்தபடி சொன்னார். வந்த முதல் பனிக்காலம். விசாவும் இல்லை, பாசையும் இல்லை. தண்ணீரில் நின்று கை விறைத்துப்போன ஒரு பின்னேரம் குசினிக்காரன் சுடச்சுட ஒரு கோப்பை கொடுத்தான். என்ன என்று கேட்கப் பாசை இல்லை.

"அடுத்த நாள் என்னெண்டு தெரியும்" என்றார். "தெரிஞ்சும் குடிச்சனான். நான் வழக்கத்தை விட்டது என்னோடை போகட்டும், உனக்கு வேண்டாமெண்டுதான் சொன்னனான்."

கீழே ஒரு ரயில் போனது. அம்மாதான் கடைசியில் கேட்டார்.

"அங்கை மேசையிலை இருந்தோ சாப்பிட்டனீங்கள்?"

"மேசை எங்கை? தொட்டியடியிலை நிண்டபடிதான். தேத்தண்ணிக் கோப்பையிலை ஊத்தித் தருவான்."

எங்கள் வீட்டில் நின்றபடி ஒரு பிஸ்கட்டுக்கூடச் சாப்பிட முடியாது. நின்று சாப்பிட்டால் வீட்டுக்குத் தரித்திரம் என்பார் அம்மா. அவர் எழும்பினார். இருப்பதிலேயே பெரிய கோப்பையை எடுத்தார். தொட மாட்டேன் என்ற சட்டியின் மூடியைத் திறந்து, அகப்பையால் அள்ளி ஊற்றினார். அதைக் கழுவு தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, குழாயைத் திறந்து, முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவத் தொடங்கினார்.

"வாங்கோ. நான் என்ரை வேலையைப் பாக்கிறன்."

அப்பா சுவரைப் பிடித்துப் பிடித்துப் போனார். தொட்டியில் இடுப்பைச் சாய்த்து நின்று கோப்பையை இரண்டு கையாலும் எடுத்தார். நான் வாசலில் நின்றேன். தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அம்மா ஒரே சட்டியை மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்தார். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பா குடித்தார், நிறுத்தினார், மூச்சு வாங்கினார், பிறகும் குடித்தார். கோப்பையை வைத்தபோது அடியில் ஒரு கரட் துண்டு மட்டும் இருந்தது.

"அங்கத்தையான் மாதிரி இல்லை. ஆனா பரவாயில்லை" என்றார்.

அம்மா திரும்பாமலே சொன்னார்: "இது கழுவின இறைச்சியெல்லே."

ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே நின்று குடித்தார். திங்கட்கிழமை எடை குறைந்திருக்கவில்லை. குழாயை ஒரு வாரம் தள்ளிப்போட்டார்கள், பிறகு தேவைப்படவே இல்லை. அந்த ஸ்டூ அவரைக் காப்பாற்றியது என்று நான் சொல்ல மாட்டேன். அதன் பிறகு கஞ்சியையும் தொட்டியடியில் நின்றே குடித்தார், கொஞ்சம் கொஞ்சமாக. மேசைக்கு வர மார்கழி ஆகிவிட்டது. அம்மா குசினியை மஞ்சள் தண்ணீரால் கழுவிச் சாமிப் படங்களைத் திரும்ப வைத்தார். அந்தச் சட்டி மட்டும் பையில் சுற்றித் தனியாக இருக்கிறது. எறியவில்லை.

அந்தத் திங்கட்கிழமை மருத்துவர் என்னிடம்தான் கேட்டார், என்ன சாப்பிட்டார் என்று. வாய் திறந்தேன், பிறகு மூடிக்கொண்டு அப்பாவைப் பார்த்தேன். அவர் தன்னுடைய குசினிப் பிரெஞ்சில், இலக்கணம் ஒன்றுமில்லாமல், மாடு, கறுத்த பியர், மனைவி கொடுத்தது என்று தானே சொன்னார். மருத்துவருக்கு எல்லாம் விளங்கியது.

அப்பா என்னை என்னவெல்லாம் படிக்க வைத்தார் என்பது எனக்கு வரிசையாகத் தெரியும். அந்தக் காலம் முழுவதும் எங்கே நின்று, என்ன சாப்பிட்டார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது எவ்வளவு களைத்து வந்தாலும், சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன் "இண்டைக்கு என்ன சாப்பிட்டனீங்கள்?" என்று கேட்கிறேன், பதில் வரும்வரை வாசலிலேயே நிற்கிறேன்.